காத்திருப்பு போய்ச் சேர்ந்த வீடு

மஞ்சநத்தத்தில் ஒருவரும் எதற்கும் காத்திருக்காத காலம் ஒன்று இருந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள், நம்பாவிட்டால் போகட்டும், அந்தக் காலம் இருந்தது, அது இருந்தவரைக்கும் ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே ஆளாகக் காத்திருந்தவள் மேலத்தெருவின் கடைசி வீட்டில் தனியாகக் குடியிருந்த பேராசிரியை மங்கையர்க்கரசி.

ஊருக்கு வெளியே இருந்த என்ஜினியரிங் காலேஜில் அவள் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவளுடைய ஆராய்ச்சி என்னவென்று கேட்டால், எந்த வேலையை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்பதுதான் என்பாள். இதற்கா இத்தனை வருஷப் படிப்பு என்று கேட்டவர்கள் சிரிப்பார்கள். பந்தியில் பத்துப் பேரை வரிசையாக உட்கார வைக்க முப்பத்தாறு லட்சத்துக்கும் மேற்பட்ட விதங்கள் உண்டு என்றும், பதினோராவது ஆள் ஒருவர் வந்துவிட்டால் அது அப்படியே பதினொரு மடங்காகிவிடும் என்றும், உலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் சேர்த்து ஓட்டினாலும் ஒரு கல்யாண மண்டபத்தின் வரிசைகளை எண்ணி முடிப்பதற்குள் சூரியனே அணைந்துபோகும் என்றும், அந்தக் காட்டுக்குள் புகுந்து எல்லா வரிசைகளையும் பார்க்காமலே ஆகச் சிறந்த வரிசையைக் கண்டுபிடிக்கிற குறுக்குவழிதான் தன் படிப்பு என்றும் அவள் சொல்லும்போது, சிரித்தவர்கள் மழையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

அவளுடைய பேச்சு புரிந்த ஒரே ஆள் பல்கீஸ். காலேஜில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே கரும்பலகை, இடது பாதியில் இவள் எழுதியதை வலது பாதியில் அவள் திருத்தி எழுதுவாள், மதியச் சாப்பாட்டை மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு பேரும் பல வருஷம் அந்தக் காட்டுக்குள் ஒன்றாகவே அலைந்தார்கள். அப்புறம் மஸ்கட்டில் மகளுக்குப் பிரசவம் என்று போன பல்கீஸ் பேரப்பிள்ளையோடு அங்கேயே தங்கிவிட்டாள், கரும்பலகையின் வலது பாதி காலியாகவே கிடந்தது. மங்கையர்க்கரசிக்கு வந்த வரன்களை ஆராய்ச்சி முடியட்டும் என்று அப்பா திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார், ஆராய்ச்சி முடிவதற்குள் வரன்கள் வருவது நின்றது, பிறகு அப்பாவும் போனார். ஒரு நாள் சாயங்காலம் இரவுச் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது, வாழ்நாளெல்லாம் தேடிய குறுக்குவழி சிக்கெடுக்கும் நூலின் நுனிபோல அவள் கைக்குத் தட்டுப்பட்டது. ஈரக்கையோடு நடுவீட்டுக்கு ஓடி வந்தவள், சொல்ல அங்கே யாருமில்லை என்று தெரிந்து, திரும்பிப் போய் அரிசியை உலையில் போட்டாள்.

நகராட்சித் தலைவர் வடிவேல்பாண்டியன் காலேஜ் விழாவுக்கு வந்து, ஊரில் எங்கே போனாலும் ஜனங்கள் கால்கடுக்க நிற்கிறார்கள், எனக்குத்தான் வசவு விழுகிறது என்று அலுத்துக்கொண்டபோது, அவள் எழுந்து, ஊரை என்னிடம் கொடுங்கள், ஒழுங்குபண்ணித் தருகிறேன் என்றாள். அவள் அப்படிச் சபையில் எழுந்து பேசியதை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. பஸ்களையும் குழாய்த் தண்ணீரையும் ரேஷன் கடையையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் பூமார்க்கெட் ஏலத்தையும் ரயில்வே கேட்டையும் கோயில் பூஜையையும் முடிவெட்டும் நாற்காலிகளையும்கூட ஒன்றோடொன்று கோத்து, எதற்கும் எதற்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் இடைவெளிகூட இல்லாமல், அவள் ஒரு கால அட்டவணை போட்டுக் கொடுத்தாள்.

சித்திரை பிறந்த அன்று அது நடைமுறைக்கு வந்தது, அன்றைக்கே காத்திருப்பு மஞ்சநத்தத்தை விட்டுக் கிளம்பிப் போனது. பஸ் ஸ்டாண்டில் கால் வைத்தவர்களின் முன்னால் அவரவர் பஸ் வந்து நின்றது, குடத்தை வைத்ததும் குழாயில் தண்ணீர் வந்தது, ரேஷன் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து வாங்க என்றார். அதோடு நில்லாமல் அட்டவணையில் இல்லாத காரியங்களும் அவ்வாறே நடந்தன, தூண்டில் போட்ட கையோடு மீன் கடித்தது, உறை ஊற்றிய பால் திரும்பிப் பார்ப்பதற்குள் தயிரானது, கண்ணோரத்தில் வந்து நின்ற அழுகை நிற்காமல் உடனே விழுந்தது. அன்று காலை மங்கையர்க்கரசி அடுப்பில் வைத்த பால் மதியம்வரை பொங்கவில்லை. அடுப்பு நீலமாக எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள், விஷயம் அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது, கூட்டல் கழித்தல் தெரிந்தவள் அல்லவா, ஓரிடத்தில் கழித்தது இன்னோரிடத்தில் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஊருக்கும் சீக்கிரமே புரிந்தது. மழைத்தண்ணீர் தாழ்ந்த மனைக்குப் போய்ச் சேர்வதுபோல ஊர்க் காத்திருப்பெல்லாம் டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஜனங்கள் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டார்கள், யாரும் அதிசயப்படவில்லை. பஸ் ஸ்டாண்டு பெஞ்சுகளில் உட்கார ஆளில்லாததால் நகராட்சி அவற்றைப் பெயர்த்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தது. பஸ் வரும்வரை என்று டீ குடித்தவர்கள் இல்லாமல்போனதால் டீக்கடைக்காரர் கடையைச் சங்கரன்கோவிலுக்கு மாற்றினார். பஸ்ஸுக்கு நிற்கிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்த காதலர்கள், சாக்கில்லாமல் பிரிந்தார்கள் அல்லது அன்றைக்கே கல்யாணம் செய்துகொண்டார்கள்.

டீச்சரிடம் ஊர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டது. அவள் ஏறினால் பஸ் கிளம்பாது என்பதால், "நீங்க அடுத்த பஸ்ஸுல வாங்க டீச்சர்" என்று கண்டக்டர்கள் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார்கள். அவள் வகுப்பெடுக்கும் நாளில் காலேஜ் மணி அடிக்க மறுத்ததால், வீட்டிலிருந்தே ஆராய்ச்சியைப் பாருங்கள் என்று பிரின்சிபால் இதமாகச் சொன்னார். அவள் போன ஒரு கல்யாணத்தில் முகூர்த்த நேரம் தாண்டியும் தாலி மாப்பிள்ளை கையிலேயே நின்றது, அதற்கப்புறம் பத்திரிகை வைக்க யாரும் அவள் வீட்டுக்கு வரவில்லை, ஆனால் வெற்றிலை பாக்குப் பையை மட்டும் மறக்காமல் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார்கள். பல்கீஸுக்கு போன் போட்டால் மறுமுனையில் மணி மதியமெல்லாம் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் ரிசீவரைக் காதில் வைத்து, மஸ்கட்டில் ஒரு வீட்டில் அந்தச் சத்தம் கேட்குமோ கேட்காதோ என்று நினைத்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வீட்டுக்கு முதலில் வந்தவள் பூக்காரி பேச்சியம்மாள். ஒரு கூடைப் பிச்சி மொட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"டீச்சர், இந்தப் பூவ உங்க வீட்டுல வச்சிக்கிடட்டுமா? நாளைக்கி முகூர்த்தம். பறிச்ச கையோட எல்லாம் விரிஞ்சி போவுது, நாளைக்கி இத யாரு வாங்குவா?"

"இங்க வச்சா விரியாதா?"

"உங்க வீட்டுலதான் எல்லாம் தாமசமாவுதாம்லா."

மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது மொட்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதுபோல் அப்படியே இருந்தன. விஷயம் பரவியது. மீன்காரர்கள் மீனைக் கொண்டுவந்து வைத்தார்கள், தீர்ப்பு வந்துவிடுமோ என்று பயந்த ஒருவர் தன் கேஸ் கட்டைக் கொண்டுவந்து பரணில் செருகினார், பழுத்துவிடக் கூடாத வாழைத்தாரும் உருகிவிடக் கூடாத ஐஸும் வந்தன. எல்லாரும் வாசலிலிருந்தே பொருளை உள்ளே தள்ளி, நன்றி டீச்சர் என்று சொல்லி, தாங்களும் தாமசமாகிவிடுவோமோ என்று வேகவேகமாகப் போய்விடுவார்கள். வீடு சாமான்களால் நிறைந்தது. மங்கையர்க்கரசி மொட்டுக்கும் மீனுக்கும் நடுவில் உட்கார்ந்து, காபிக்குக் காத்திருந்தாள், குளிப்பதற்குத் தண்ணீர் வரக் காத்திருந்தாள், தூக்கம் வரக் காத்திருந்தாள், அவள் காத்திருக்காத பொழுது என்று ஒன்றுமில்லை, அவளோடு சேர்ந்து காத்திருக்கத்தான் ஆளில்லை.

அட்டவணையைக் கலைப்பது சுலபம் என்று அவளுக்குத் தெரியும். மூச்சுவிட இடமில்லாமல் கோத்த கோவை, ஒரு பஸ்ஸைச் சற்று நிறுத்தினால் போதும், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சரிந்துவிடும். ஆனால் வாழ்நாளில் அவள் செய்து முடித்தது அது ஒன்றுதான். ஜன்னல் வழியாக நிற்காமல் ஓடும் ஊரைப் பார்த்து, சரியாக ஓடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

இதற்குள் ஊரில் குழந்தைகளும் அவசரப்படத் தொடங்கியிருந்தன. குறித்த தேதிக்கு முன்னாலேயே பிறந்தன, முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சியம்மாளின் மருமகள் முப்பிடாதிக்கு ஏழாம் மாதம் பிறந்ததுமே வலி வந்தபோதுதான் ஊருக்குத் திக்கென்றது. பிள்ளை கைப்பிடியளவு இருக்கிறது, இப்போது பிறந்தால் பிழைக்காது என்று டாக்டரம்மா சொன்னார். புருஷன் சுடலை ஆழ்துளைக் கிணறு போடும் லாரியோடு எங்கோ வடக்கே இருந்தான். பேச்சியம்மாள் யோசிக்கவே இல்லை, மருமகளை ஆட்டோவில் ஏற்றி நேராக மேலத்தெருக் கடைசி வீட்டுக்குக் கொண்டுவந்து, கேட்டைத் திறந்து உள்ளே விட்டாள்.

"டீச்சர், இதையும் வச்சிக்கிடுங்க" என்றாள்.

முப்பிடாதி வாசற்படியைத் தாண்டியதும் வலி நின்றது. அவள் வயிற்றைப் பிடித்தபடி சுற்றிலும் பார்த்து, "இவ்ளோ மீனா?" என்றாள்.

அப்படித்தான் அந்த வீட்டுக்கு ஒரு குரல் வந்தது. முப்பிடாதிக்கு வாய் ஓயாது. அரிசி வேகச் சாயங்காலம் ஆகும் வீட்டில், அடுப்புக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். அவள் சுடலையின் குறட்டையைப் பற்றிச் சொல்வாள், மாமியாரின் கோபத்தைப் பற்றிச் சொல்வாள், தான் பார்க்காத கடலைப் பற்றிச் சொல்வாள்.

"நீங்க என்ன படிச்சிருக்கிய டீச்சர்?"

"எதுக்கு அப்புறம் எது வரணும்னு படிச்சிருக்கேன்."

"அத வச்சிக்கிட்டா கல்யாணத்தக் கடைசியில போட்டிய?"

மங்கையர்க்கரசி சிரித்தாள். அவள் சிரிப்பு மட்டும் அந்த வீட்டில் தாமதமாகவில்லை. பிறகு முப்பிடாதி கேட்டாளே என்று பந்தியில் பத்துப் பேர் உட்காரும் கணக்கைச் சொன்னாள், காட்டைப் பற்றிச் சொன்னாள், பல்கீஸைப் பற்றிச் சொன்னாள், அரிசி களைந்த அன்று சாயங்காலம் நடந்ததைச் சொன்னாள். முப்பிடாதிக்குக் கணக்கு விளங்கவில்லை. "அன்னைக்கி யார்ட்டயும் சொல்லாமலா சோறு பொங்கினிய?" என்று மட்டும் கேட்டாள். ஒரு நாள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளக் கூந்தலை அவிழ்த்துக்கொடுத்தபோது, வாய்தவறியதுபோல "மெதுவா, சித்தி" என்றாள். அதற்கப்புறம் டீச்சர் என்று அவள் கூப்பிடவில்லை.

வருவதுதான் அந்த வீட்டில் தாமதமானது, வளர்வது தன்பாட்டுக்கு வளர்ந்தது. வயிறு நாளுக்கு நாள் பெரிதானது. எட்டு போய், ஒன்பது போய், நர்ஸம்மா வாசலில் நின்றே பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாக வளர்ந்துவிட்டது, இனிமேல் வெளியே கூட்டிக்கொண்டு வரலாம் என்று சொன்ன பிறகும், மங்கையர்க்கரசி இன்னும் கொஞ்சம் சதை பிடிக்கட்டும் என்றாள், ஆடிக்காற்று அடங்கட்டும் என்றாள், வெள்ளிக்கிழமை வேண்டாம் என்றாள். நாள் நட்சத்திரம் பார்க்காத அவள் வாயில் வெள்ளிக்கிழமை எப்படி வந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் பேச்சியம்மாள் ஆட்டோவோடு வந்து நின்றாள். முப்பிடாதி கேட்டைத் தாண்டும்போது திரும்பி, "சித்தி, கதவப் பூட்டிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மங்கையர்க்கரசி உள்ளே வந்து, இரண்டாவது நாற்காலியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் வலி வரவில்லை. அந்த வீட்டில் இத்தனை நாள் இருந்த உடம்பு அந்த வீட்டுத் தாமதத்தையும் தன்னோடு கொண்டுபோயிருந்தது. ஊசி போட்டும் வரவில்லை, சொட்டு மருந்தின் துளி குழாயில் தொங்கிக்கொண்டே நின்றது. ஆபரேஷன் செய்துவிடலாம் என்றால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரின் கார் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது, சித்திரைக்கு அப்புறம் அந்தக் கேட்டில் நின்ற முதல் வண்டி அதுதான். வயிற்றுக்குள் பிள்ளையின் துடிப்பு மெல்ல மெல்லச் சோர்ந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் பேச்சியம்மாள் செருப்பில்லாமல் ஓடி வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை.

"டீச்சர், பிள்ள துடிப்பு கொறையுதாம். டாக்டர் வந்து சேரல. கத்திய எடுத்தா கத்தி நிக்கி, ஒண்ணும் நகர மாட்டேங்கு. நீங்கதான இந்த ஊர முடுக்கி விட்டிய? எதையாவது செய்யுங்க, இல்ல, எம் மருமவள இங்க ஏன் விட்டேன்னு நான் காலமெல்லாம் அழுதுக்கிட்டுக் கெடக்கணும்."

மங்கையர்க்கரசி செருப்பை மாட்டினாள். "நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க, பேச்சி" என்றாள். "அவகூட இருங்க. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன்."

மேலத்தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம்தான். ஆனால் ஊர்க் காத்திருப்பு முழுவதையும் சுமந்துகொண்டு அவள் நடந்ததால், தெருமுனையில் ஒரு ஆட்டுமந்தை குறுக்கே வந்து முடியாமல் நீண்டது, செருப்பு வார் அறுந்தது, யாரோ ஒரு கிழவர் அவளை வேறு யாரோ என்று நினைத்து நலம் விசாரித்து விடமாட்டேன் என்றார். ஆடுகளுக்கு நடுவில் புகுந்து, கிழவரின் கையை விலக்கி, வெறுங்காலோடு தார் ரோட்டில் அவள் ஓடினாள். பிள்ளையின் துடிப்பைத் தன் கழுத்து நரம்பில் எண்ணிக்கொண்டே ஓடினாள்.

சங்கரன்கோவில் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. டைம் கீப்பரிடம், "இந்த பஸ்ஸ நிறுத்துங்க" என்றாள்.

"நீங்க போட்ட டைம்தான டீச்சர்?" என்றார் அவர் திகைத்துப்போய். "இப்ப எடுக்கலன்னா எல்லாம் கெட்டுப்போயிருமே."

"கெட்டுப் போகட்டும்."

அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே நின்றார், ஊதவும் இல்லை, எடுக்கவும் இல்லை. மங்கையர்க்கரசி போய் பஸ்ஸின் முன்னால் நின்றாள். டிரைவர் ஹார்ன் அடித்தார், தலையை வெளியே நீட்டி, டீச்சர் என்று தெரிந்ததும் வசவை விழுங்கினார், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இஞ்சினை அணைத்தார். அந்தச் சத்தம் நின்றபோது, இத்தனை நாள் ஊரில் இல்லாத ஓர் அமைதி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியது. பின்னால் வந்த ராஜபாளையம் பஸ் உள்ளே வர இடமில்லாமல் நின்றது, அதன் பின்னால் தண்ணீர் லாரி நின்றது, ஏலத்துக்குப் போன பூவண்டி நின்றது. ஜன்னலோரத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார், பக்கத்தில் இருந்தவருக்கும் கொட்டாவி வந்தது. வாய்க்காலில் முதல் தண்ணீர் வெடிப்பு வெடிப்பாக நனைத்துக்கொண்டு போவதுபோல, காத்திருப்பு தெருத்தெருவாக ஊருக்குள் திரும்பிப் போனது. குழாயடியில் குடங்கள் வரிசையாயின, ரேஷன் கடைக்காரர் சாப்பிடப் போனார், முடிவெட்டும் கடையில் ஒருவர் பழைய பேப்பரை எடுத்துப் பிரித்தார். ஜனங்கள் திட்டத் தொடங்கினார்கள். நகராட்சித் தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்து, "என்ன காரியம் பண்ணிட்டீங்க டீச்சர்?" என்றார். அவள் அவரைப் பார்த்தாள், தன் வாழ்நாளின் ஒரே வேலை அவருக்குப் பின்னால் வண்டி வண்டியாய்ச் சரிவதையும் பார்த்தாள். திரும்பி ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள், இந்த முறை வழியில் எதுவும் அவளை நிறுத்தவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது மயக்க மருந்து டாக்டர் உள்ளே போய்விட்டிருந்தார், கதவு மூடியிருந்தது. வராந்தா பெஞ்சில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அங்கே இன்னும் பலர் இருந்தார்கள், கையில் எக்ஸ்ரே வைத்திருந்த ஒருவர், பல்வலிக்காரர் ஒருவர், சீட்டு வாங்க நின்று அலுத்துத் தரையில் உட்கார்ந்த பெண்கள், எல்லாரும் எவ்வளவு நேரமாகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பொட்டலம் கடலையைச் சுற்றுக்கு விட்டார்கள், அது மங்கையர்க்கரசியின் கைக்கும் வந்தது.

"இன்னும் ஒரு தகவலும் இல்ல டீச்சர்" என்றாள் பேச்சியம்மாள்.

"வரும்."

"ரெண்டு உசுரும் பொழைச்சிருமா?"

அவளுக்குத் தெரிந்த எந்தக் கணக்கிலும் அதற்கு விடையில்லை. "இருப்போம்" என்றாள். "வர்ற வரைக்கும் இருப்போம்."

பேச்சியம்மாள் தலையாட்டினாள். இரண்டு பகலும் ஒரு இரவும் கண்மூடாதவள், சற்று நேரத்தில் உட்கார்ந்தபடியே சாய்ந்து, மங்கையர்க்கரசியின் தோளில் தலையை வைத்துத் தூங்கிப்போனாள். மூச்சு சூடாகக் கழுத்தில் பட்டது. தோள் கனத்தது, பிறகு வலித்தது, பிறகு மரத்தது. மங்கையர்க்கரசி அசையவில்லை. ஒரு ஆள் தன்மேல் சாய்ந்து தூங்கிய ஞாபகம் அவளுக்கு இல்லை, யோசித்துப் பார்த்தாள், எந்த வயதிலும் இல்லை.

உள்ளே ஒரு பிள்ளை வீறிட்டது. கதவு திறந்து, நர்ஸம்மா முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்து, இரண்டு பேரும் நல்லா இருக்காங்க என்று சொல்ல வாயெடுத்தாள். மங்கையர்க்கரசிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவள் தோளை அசைக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி, ஒரு நிமிஷம் என்று சைகை காட்டினாள். நர்ஸம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் நின்றாள். வராந்தா முழுவதும் நின்றது. அந்தத் தலையின் பாரத்தை இன்னும் சற்று நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, மங்கையர்க்கரசி குனிந்து, "பேச்சி, எந்திரிங்க" என்றாள்.